மடைச் சாவி யார் கையில்?

"விவசாயிகளிடம் ஒற்றுமை இல்லை" என்று சொல்ல இந்த நாட்டில் எந்தத் தகுதியும் வேண்டியதில்லை போலிருக்கு. அதிகாரி சொல்றார், பயிற்சி கொடுக்க வர்ற தொண்டு நிறுவனத்துக்காரர் சொல்றார், பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வர்ற சொந்தக்காரரும் சொல்றார். "அந்தக் காலத்துல ஊரே கூடிக் கண்மாயை வெட்டுமாம். இப்ப எல்லாரும் சுயநலமாப் போயிட்டாங்க மாமா. நீங்க ஒத்துழைச்சா அரசாங்கமே தேவையில்லையே" என்று இட்லியைப் பிட்டுக்கிட்டே சொல்லிவிட்டு, மறுநாள் கார் ஏறிப் போயிடுறார்.

கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். ஒத்துழைப்பு என்பதை மனுஷனோட நல்ல குணம்னு நினைக்கிறதை முதல்ல விடணும். அது ஒரு ஏற்பாடு. யார் முடிவெடுப்பது, யார் காவல் காப்பது, யார் செலவு செய்வது, வரும் வரவு யாருக்குப் போவது. இந்த நாலும் தண்ணியைப் பயன்படுத்துறவங்க கையில் இருந்தால் பக்கா சுயநலக்காரனும் மண்வெட்டி எடுத்துக்கிட்டு வருவான். நாலையும் நாலு ஆபீசுக்குப் பிரிச்சுக் கொடுத்துட்டால், மகான்களே கூடி நின்னாலும் ஒரு வரத்துக்காலைத் தூர்வார முடியாது.

நகரத்து நண்பர்களுக்காகக் கண்மாய்க் கணக்கைக் கொஞ்சம் விளக்கிடுறேன். வைகைக்குத் தெற்கே எங்க பக்கமெல்லாம் மழையையும் கண்மாயையும் நம்பித்தான் வெள்ளாமை. வட மாவட்டத்தில் ஏரி என்பதைத்தான் நாங்க கண்மாய் என்போம். தமிழ்நாடு முழுக்க இப்படி ஏரியும் கண்மாயுமாகச் சுமார் 39,000 இருக்கு. இவை தனித்தனிக் குட்டைகள் கிடையாது. சங்கிலி மாதிரி கோத்தது. மேல் கண்மாய் நிறைஞ்சு கலுங்கு பாய்ஞ்சால் அந்தத் தண்ணி வரத்துக்கால் வழியாகக் கீழ்க் கண்மாய்க்கு வரும். அது நிறைஞ்சால் அடுத்ததுக்குப் போகும். ஒரு கண்ணி அறுந்தால் கீழே இருக்கிற அத்தனை ஊரும் காயும்.

எங்க கண்மாய்க்கு மூணு மடை. என் சின்ன வயசு வரைக்கும் ஒவ்வொரு மடைக்கும் ஒரு நீர்பாய்ச்சி உண்டு. மடையைத் திறப்பது, அடைப்பது, வாய்க்காலில் தண்ணியைத் திருப்பிவிடுவது எல்லாம் அவர் பொறுப்பு. நிலத்துக்காரன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் மடையைத் தொடக்கூடாது. தண்ணி நிறைய இருக்கிற வரைக்கும் தாராளமாப் பாயும். பாதிக்குக் கீழே இறங்கினால் முறை வைத்துவிடுவார்கள். இன்ன வயலுக்கு இவ்வளவு நேரம், அதுக்குப் பிறகு அடுத்த வயல். கண்மாய் நிறையாத வருஷம் நாற்று விடுறதுக்கு முன்னாடியே கூட்டம் போட்டு, இந்தத் தண்ணிக்கு எவ்வளவு நிலம் தாங்கும்னு பார்த்து, ஆளாளுக்குக் கொஞ்சம் நிலத்தைத் தரிசு போட்டுடுவாங்க. கடைமடைக்காரனும் கொஞ்சம் நெல் பார்ப்பான்.

செலவு யார் பார்த்தது? நிலக் கணக்குப்படி ஆள் வரணும். வராதவன் கூலியைக் கட்டணும். ரெண்டும் செய்யாதவன் வயலுக்கு முறை கிடையாது. வரவு? கண்மாய் மீன் குத்தகைப் பணம் கண்மாய்க் கணக்குக்கே வந்தது. கோடையில் வண்டல் மண்ணை வண்டியில் அள்ளி வயலுக்குப் போட்டுக்கலாம். வயலுக்கும் உரம், கண்மாய்க்கும் தூர்வாரின மாதிரி. நீர்பாய்ச்சிக்கு அறுவடைக் களத்தில் ஏக்கருக்கு இவ்வளவுன்னு நெல் அளப்பாங்க. விளைச்சல் வந்தால்தான் அவருக்குக் கூலி. அதனால கடைசி வயல் வரைக்கும் தண்ணி கொண்டு போறதில் அவருக்கும் அக்கறை இருந்தது.

இதில் எங்கேயாவது தியாகம் தெரியுதா? ஒற்றுமை கீதம் கேக்குதா? அவனவன் தன் வயலுக்காகத்தான் வந்தான். ஏற்பாடு அப்படி.

உடனே "ஆஹா, நம் முன்னோர்" என்று ஆரம்பிச்சுடாதீங்க. அந்த வியாபாரத்துக்கும் நான் வரலை. நீர்பாய்ச்சி வேலையை எங்க பக்கம் செய்தவர்கள் பெரும்பாலும் தலித் குடும்பத்தினர். தண்ணியைப் பங்கு வைக்க அவர் கைதான் வேணும். ஆனால் கூட்டத்தில் அவருக்குப் பாய் போட மாட்டாங்க. நிலமில்லாதவனுக்கு வாயே கிடையாது. களை எடுத்த பொம்பளைங்களுக்குக் கூட்டம் நடந்ததே மறுநாள்தான் தெரியும். பழைய ஏற்பாட்டில் நீதி அரைகுறைதான். நான் சொல்றது ஒண்ணுதான். அதில் வேலை செய்த பகுதி எது, அநியாயமான பகுதி எது என்று பிரிச்சுப் பார்த்து, அநியாயத்தை அறுத்துப் போட்டிருக்கணும். நடந்தது தலைகீழ். அதிகாரத்தைப் பிடுங்கிட்டாங்க. சாதியை மட்டும் பத்திரமா விட்டு வெச்சாங்க.

பிடுங்கின கதை நீளம். சுருக்கமாச் சொல்றேன். வெள்ளைக்காரன் காலத்தில் நில வரி அரசாங்கத்துக்குப் போச்சு, பராமரிப்பு மட்டும் ஊர் தலையில் நின்னது. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். ஜனங்க வேலைக்கு வரலைன்னதும் 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டாங்க. கண்மாய் வேலைக்கு வராதவனைச் சட்டம் போட்டு இழுக்க வேண்டி வந்ததுன்னா, அந்த ஏற்பாடு அப்பவே நோய்ப்பட்டுப் போச்சுன்னு அர்த்தம்.

சுதந்திரத்துக்குப் பிறகு நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் பொதுப்பணித் துறைக்கு, அதுக்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரிச்சாங்க. சங்கிலியில் மேல் கண்மாய் ஒரு ஆபீசுக்கு, கீழ்க் கண்மாய் இன்னொரு ஆபீசுக்கு. வரத்துக்கால் புறம்போக்கு வருவாய்த் துறைக்கு. மீன் குத்தகைப் பணம் ஒரு கணக்குக்கு, உள்வாயில் நிக்கிற கருவேல மரத்து ஏலப் பணம் வேறொரு கணக்குக்கு. எங்க கண்மாய் மரம் ஏலம் போன வருஷம், அதில் ஒரு ரூபாய் கூட எங்க மடை பழுது பார்க்க வரலை. ஷட்டர் துருப்பிடிச்சு இறுகிப் போய், மூணு வருஷம் சாக்கு மூட்டை வெச்சு அடைச்சோம். மனு கொடுத்தால் "இது எங்க எல்லை இல்லை" என்று ஒரு ஆபீசில் சொல்வாங்க. அடுத்த ஆபீசிலும் அதையேதான் சொல்வாங்க.

இதுக்கு மேல் ஒரு அடி போர்வெல். 1990இல் விவசாயத்துக்கு எல்லாருக்கும் இலவச மின்சாரம் வந்தது. அதை வேண்டாம்னு சொல்ற ஆள் நான் இல்லை. அது இல்லேன்னா பல வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் கூடவே என்ன நடந்ததுன்னும் சொல்லணும். வசதி உள்ளவன் ஆழமாப் போர் போட்டான். அவனுக்குக் கண்மாய் தேவையில்லாமல் போச்சு. கூட்டத்துக்கு வர்றதை நிறுத்தினான். ஊரில் அதிகாரியிடம் பேசத் தெரிஞ்சவன், கையெழுத்து செல்லுபடியாகிறவன் எல்லாம் அவன்தான். அவன் விலகினதும் கண்மாய் போக்கிடம் இல்லாதவங்க சொத்தாகிப் போச்சு. கேட்க நாதி இல்லை. இதில் வேடிக்கை என்னன்னா, அவன் போரில் ஊறுற தண்ணியும் கண்மாயில் நின்னு கீழே இறங்கின தண்ணிதான். கண்மாய் காய்ஞ்சதும் போரும் காய்ஞ்சது. இன்னும் ஆழம் போனான். தமிழ்நாட்டில் சுமார் மூணில் ஒரு பங்கு பிர்காக்களில் ஊறுவதை விட உறிஞ்சுவது அதிகம்னு அரசாங்கக் கணக்கே சொல்லுது.

இப்ப சொல்லுங்க, இது குணக்கேடா, ஏற்பாட்டுக் கேடா?

அரசாங்கம் சும்மா இருக்கலை. அதையும் சொல்றேன். 2000ஆம் ஆண்டில் பாசன முறைகளை விவசாயிகளே மேலாண்மை செய்யச் சட்டம் வந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கம், தேர்தல், தலைவர், எல்லாம் எழுத்தில் அழகா இருக்கு. நடைமுறையில் எங்க சங்கத்துக்கு வந்தது ஒரு ரப்பர் ஸ்டாம்பும் லெட்டர்பேடும். 2017இல் குடிமராமத்து என்ற பழைய பேருக்கு மறுபடி உயிர் கொடுத்தாங்க. செலவில் 10 சதவீதம் விவசாயிகள் பங்கு, பணமாகவோ உழைப்பாகவோ பொருளாகவோ கொடுக்கலாம்னு சொன்னாங்க. நல்ல யோசனைதான். சில ஊரில் உண்மையாவே வேலை நடந்தது, கண்மாய் நிறைஞ்சது. வேறு சில இடத்தில் அந்தப் 10 சதவீதத்தை விவசாயி பேரில் யாரோ கட்டி, வேலையை யாரோ எடுத்து, மண்ணை யாரோ வித்தாங்க. விவசாயிக்குக் கிடைச்சது போட்டோவில் மண்வெட்டியோடு நிக்கிற வாய்ப்பு.

என்ன வேலை, எங்கே வெட்டணும், எவ்வளவு செலவு என்று முடிவெடுப்பது ஆபீஸ். 10 சதவீதம் மட்டும் நாங்க. இதுக்குப் பேர் பங்கேற்பாம். முடிவில் பங்கு இல்லாமல் செலவில் மட்டும் பங்கு கேட்டால் எங்க ஊரில் அதுக்கு வேற பேர்.

உங்களுக்குப் புரியுற மாதிரி ஒரு உதாரணம். நீங்க இருக்கிற அப்பார்ட்மென்டில் ஒரு சங்கம் இருக்கும். மாசா மாசம் பராமரிப்புக் கட்டணம் வாங்குது. கட்டாதவர் பேரை நோட்டீஸ் போர்டில் போடுது, அபராதம் வசூலிக்குது. மோட்டார் எத்தனை மணிக்குப் போடணும்னு அதுவே முடிவு பண்ணுது. வருஷத்துக்கு ஒருமுறை வரவு செலவு காட்டுது. சண்டை போட்டுக்கிட்டாலும் லிஃப்ட் ஓடுது. இப்ப ஒரு கற்பனை பண்ணுங்க. மோட்டார் சாவி மாநகராட்சியிடம், கட்டணம் வசூலிப்பது தாலுகா ஆபீஸ், மொட்டைமாடி வாடகை வனத்துறைக்கு, தொட்டி கழுவுற வேலை மட்டும் உங்களுக்கு. யாராவது தொட்டி கழுவ வருவீங்களா? வரலைன்னா, நகரத்து ஜனங்களுக்கு ஒற்றுமை இல்லைன்னு நான் பொங்கலுக்கு வந்து சொல்லலாமா?

இதெல்லாம் பட்டிக்காட்டு விவசாயியின் புலம்பல்னு நினைச்சால், படிச்சவங்க சொன்னதையும் கேட்டுக்குங்க. 1968இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருத்தனும் ஒரு மாடு கூடுதலா விடுவான், கடைசியில் புல்லே இருக்காது. அதனால பொதுச் சொத்தைத் தனியாருக்குக் கொடு, இல்லைன்னா அரசாங்கம் எடுத்துக்கோ என்பது அதன் சாரம். உலகம் முழுக்க அதிகாரிகளுக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மா இதை ஒத்துக்கலை. ஸ்விட்சர்லாந்து மலை மேய்ச்சல், ஜப்பான் ஊர்க் காடு, ஸ்பெயின், பிலிப்பைன்ஸ் வாய்க்கால் என்று நூற்றுக்கணக்கான வருஷம் ஜனங்களே காப்பாத்தி வந்த பொதுச் சொத்துகளை ஒண்ணொண்ணா எடுத்து ஆராய்ஞ்சாங்க. 1990இல் புத்தகமா எழுதினாங்க. 2009இல் பொருளாதார நோபல் பரிசு, அந்தப் பரிசு வாங்கின முதல் பெண். நேபாளத்தில் அவங்க குழு பார்த்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அரசாங்கம் கான்கிரீட்டில் தலைமதகு கட்டி நடத்தின பாசனத்தை விட, விவசாயிகள் கல்லும் மண்ணும் மரக்கிளையும் வெச்சுக் கட்டித் தாங்களே நடத்தின பாசனத்தில் கடைமடைக்குத் தண்ணி நல்லாப் போச்சு, விளைச்சலும் கூட இருந்தது. காரணம் ரொம்ப எளிது. வருஷா வருஷம் அணை உடையும். மேல்மடைக்காரன் தனியா அதைக் கட்ட முடியாது. கடைமடைக்காரன் தயவு வேணும். அதனால தண்ணி கொடுத்தான். கான்கிரீட் வந்ததும் அந்தத் தயவு தேவையில்லாமப் போச்சு. எங்க ஊர்ப் போர்வெல் கதைதான்.

ஸ்பெயினில் வலென்சியா ஊரில் இன்னைக்கும் தண்ணீர் நீதிமன்றம் ஒண்ணு நடக்குது. ஒவ்வொரு வியாழனும் மதியம் 12 மணிக்குத் தேவாலய வாசலில், விவசாயிகள் தேர்ந்தெடுத்த ஆட்களே நீதிபதிகளா உக்காருவாங்க. வக்கீல் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு, அங்கேயே தீர்ப்பு. தண்ணி திருடினால் அபராதம். அந்தத் தீர்ப்பை அந்த நாட்டுச் சட்டமே மதிக்குது. அங்கே விவசாயிகள் நம்மை விட நல்லவங்களா? இல்லை. அபராதம் போடுற அதிகாரம் அவங்க கையில் இருக்கு. அவ்வளவுதான்.

இதே கணக்கு மேலே மேலே போகப் போகவும் மாறலை. காவிரியில் 2018 தீர்ப்பு சாதாரண வருஷத்துக்கு 177.25 டிஎம்சி என்று தெளிவாச் சொல்லிடுச்சு. மழை பொய்க்கிற வருஷம் விகிதப்படி குறைச்சுப் பகிரணுமாம். எந்த மாசம் எவ்வளவு குறைப்பது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்டு. எங்க ஊரில் கண்மாய் நிறையாத வருஷத்துக்குத்தான் முக்கியமான விதியே இருந்தது. நிறைஞ்ச வருஷத்துக்கு விதி எதுக்கு?

உலக அளவுக்கு வாங்க. தண்ணீருக்காக ஐநா 1977இல் அர்ஜென்டினாவில் ஒரு மாநாடு போட்டது. அடுத்த மாநாடு 2023இல், நியூயார்க்கில். 46 வருஷம் கழிச்சு! எங்க ஊர்க் கூட்டத்தைக் கிண்டல் பண்றவங்க இதைக் குறிச்சு வெச்சுக்குங்க. 2015இல் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகள். அதே வருஷம் பாரிஸ் ஒப்பந்தம். புகையை எவ்வளவு குறைப்பேன்னு அந்தந்த நாடே எழுதிக் கொடுக்கும், செய்யலைன்னா தண்டனை கிடையாது. பணக்கார நாடுகள் 2020 முதல் வருஷத்துக்கு 10,000 கோடி டாலர் ஏழை நாடுகளுக்காகத் திரட்டுவோம்னு 2009இல் சொன்னாங்க. அந்தத் தொகையை எட்டினது 2022இல்தான், அதுவும் அவங்களே போட்ட கணக்குப்படி. மேல்மடையில் பெரிய நிலம் வெச்சிருக்கிறவன், கண்மாய்த் தண்ணியை முதல்ல பாய்ச்சிக்கிட்டு, கூலியைத் தவணையில் தர்றேன்னு சொல்ற மாதிரி. கடைமடையில் நிக்கிறவனுக்கு "நீடித்த வளர்ச்சி" பயிற்சி, சான்றிதழோட.

உலகத்தால் முடியாதுன்னு சொல்லிடவும் முடியாது. முடிஞ்சிருக்கு. 1987இல் ஓசோன் படலத்துக்காக மான்ட்ரியல் ஒப்பந்தம் போட்டாங்க. எந்த வாயு, எந்த வருஷத்துக்குள் நிறுத்தணும் என்று பட்டியல். ஏழை நாடுகள் மாறுறதுக்குத் தனி நிதி, அவங்களுக்குக் கூடுதல் கால அவகாசம். ஒப்பந்தத்தில் சேராத நாட்டோடு அந்தச் சரக்கு வியாபாரம் கிடையாது. கடைசியில் எல்லா நாடும் கையெழுத்துப் போட்டுச்சு, அந்த வாயுக்கள் கிட்டத்தட்ட ஒழிஞ்சுது, ஓசோன் படலம் தேறிக்கிட்டு வருது. 1987இல் மனுஷனுக்குத் திடீர்னு நல்ல குணம் வந்துச்சா என்ன? அது முறை வெச்ச கண்மாய், பாரிஸ் முறை வைக்காத கண்மாய். அந்த வாயுக்களுக்கு மாற்று கிடைச்சது, பெட்ரோலை விடுறது அவ்வளவு சுலபம் இல்லைன்னு சொல்வீங்க. உண்மைதான். கஷ்டமான வேலைக்குத்தானே இறுக்கமான ஏற்பாடு வேணும்? அதுக்குப் போய்த் தளர்வான ஏற்பாட்டை வெச்சா எப்படி?

கடைசியா, ஞாயிற்றுக்கிழமை ஏரி மீட்க வர்ற கம்பெனி நண்பர்களுக்கு. உங்க நல்ல மனசை நான் குறை சொல்லலை. ஆனால் ஜேசிபி வெச்சுக் கண்மாயைத் தொட்டி மாதிரித் தோண்டி, நடுவில் ஒரு திட்டு விட்டு மரம் நட்டு, கம்பெனி பேரில் பலகை வெச்சுட்டுப் போனால் ஏரி மீண்டுடாது. கண்மாயின் உயிர் உள்வாயில் மட்டும் இல்லை. மேலே வரத்துக்காலில் இருக்கு, கீழே மடையில் இருக்கு. வரத்துக்காலை மறிச்சு நிக்கிற ஆக்கிரமிப்பில் சில சமயம் உங்க மாதிரிக் கம்பெனியின் மதில் சுவரும் இருக்கு. அதை இடிக்கப் பேசுங்க. அந்த ஒரு வேலைக்கு நூறு மண்வெட்டி ஈடாகாது.

நான் கேட்கிறது பெரிசா ஒண்ணும் இல்லை. கண்மாயில் வர்ற மீன் பணமும் மரப் பணமும் கண்மாய்ச் சங்கக் கணக்குக்கே வரணும். முறை வைக்கவும் அபராதம் போடவும் சங்கத்துக்கு அதிகாரம் வேணும், அதைச் சட்டம் தாங்கிப் பிடிக்கணும். மேல் கண்மாயும் கீழ்க் கண்மாயும் ஒரே கூட்டமைப்பில் உக்காந்து பேசணும். போர் வெச்சிருக்கிறவனும் கண்மாய் வரி கட்டணும், ஊறுறது அந்தத் தண்ணிதானே. என் கிணத்து போருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். சங்கத்தில் கடைமடைக்காரங்க, பெண்கள், நிலமில்லாதவங்க, தலித்துகள் ஓட்டோடு உக்காரணும். மடையைப் பார்த்துக்கிற ஆளுக்கு மாசச் சம்பளமும் மரியாதையும் வேணும். அது ஒரு சாதியின் வேலையா இருக்கக்கூடாது. அரசாங்கம் விலகணும்னு நான் சொல்லவே இல்லை. வரத்துக்கால் ஆக்கிரமிப்பை எடுக்கவும், பெரிய செலவைப் பார்க்கவும், வலுத்தவன் சங்கத்தைக் கைப்பத்தாமல் பார்க்கவும் அரசாங்கம் கட்டாயம் வேணும்.

இதையெல்லாம் கொடுத்துட்டு, அப்புறமும் நாங்க அடிச்சுக்கிட்டுக் கிடந்தால், வந்து ஒற்றுமை வகுப்பு எடுங்க. முன் வரிசையில் உக்காந்து கேக்குறேன்.

அதுவரைக்கும், ஊராட்சி ஆபீசிலோ உங்க கம்பெனி அரங்கத்திலோ யாராவது "கூட்டு மேலாண்மை, நீடித்த நிலைத்தன்மை" என்று படம் போட்டுக் காட்டினால், கைதட்டுறதுக்கு முன்னாடி எழுந்து நின்னு ஒரு கேள்வி கேளுங்க. அதெல்லாம் சரிங்க, மடைச் சாவி யார் கையில் இருக்கு?